உன் தூண்டிலை நீயே செதுக்கு

மாவுயி வீட்டுக்குக் கடைக்குட்டி. மீன்பிடிக்கப் போன அண்ணன்மார் அவனைத் தோணியில் ஏற்றிக்கொள்ளவில்லை. அவன் அடித்தட்டில் ஒளிந்துகொண்டு நடுக்கடல் வரை போய்விட்டான். தலையை நீட்டியதும் திட்டினார்கள். திருப்பி அனுப்பவும் வழியில்லை. தூண்டில் போட இரை கேட்டான். உனக்கு இரை கிடையாது என்று கைவிரித்தார்கள். அவன் மடியில் இருந்தது ஒரே ஒரு பொருள்: தன் மூதாட்டியின் தாடை எலும்பில் இழைத்த தூண்டில். தன் மூக்கில் தானே ஒரு குத்து விட்டான். வழிந்த ரத்தத்தைத் தூண்டிலில் பூசிக் கடலில் இறக்கினான். கயிறு கனத்தது. மேலே வந்தது ஒரு நாடு.

நியூசிலாந்தின் வடதீவு அப்படி வந்ததாக மாவோரி மக்கள் சொல்கிறார்கள். அந்தத் தீவுக்கு அவர்கள் வைத்த பெயரே மாவுயியின் மீன். அந்தத் தூண்டிலின் வடிவத்தைத்தான் எலும்பில் செதுக்கிக் கழுத்தில் அணிகிறார்கள். ஹேய் மட்டாவ் என்பார்கள். அப்பன் கழுத்திலிருந்து பிள்ளை கழுத்துக்கு இறங்கும் குடும்பச் சொத்து அது. தங்கம் இல்லை, வெள்ளி இல்லை. நாம் சப்பிவிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் எலும்பு!

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எஸ்பிஎம் தேர்வு முடிவை வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்று விழிக்கும் தம்பிக்கும், கிள்ளானில் எத்தனையோ நேர்காணலுக்குப் போய் ஓய்ந்துபோன தங்கைக்கும் இதை எழுதுகிறேன். உனக்கு யாரும் இரை தரவில்லை என்கிறாய். உண்மைதான், நான் மறுக்கவில்லை. தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், நகரத்துக்கு வந்த உன் அப்பாவுக்கு லாரி ஓட்டுவதைத் தவிர வேறு கதவு திறக்கவில்லை. உன் வலி பொய்யில்லை. மாவுயியின் அண்ணன்மாரும் உண்மையாகவே இரை தரவில்லை. ஆனால் தூண்டில் அவனிடம் இருந்தது. உன்னிடம் இருக்கிறதா? இல்லையென்றால் செதுக்கு. நான் உவமைக்குச் சொல்லவில்லை. எலும்பையும் ரம்பத்தையும் அரத்தையும் கையில் எடு என்று சொல்கிறேன்.

தன்னம்பிக்கை என்ற பெயரில் மண்டபம் எடுத்து நடத்தும் கூட்டங்களை நான் அறிவேன். எழுந்து நின்று "என்னால் முடியும்" என்று கத்தச் சொல்கிறார்கள். உடம்பு சிலிர்க்கிறது, கண் கலங்குகிறது. திங்கட்கிழமை காலையில் அந்தச் சிலிர்ப்பு எங்கே போனதென்று தெரிவதில்லை. எதையும் செய்து முடித்திராத ஒருவனிடம் உன்னை நம்பு என்றால் அவன் எதை நம்புவான்? நம்புவதற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றைத் தருவது கை. நேற்றுவரை இல்லாத ஒரு பொருள் இன்று உன் உள்ளங்கையில் இருக்கிறது, அதைச் செய்தது நீ என்றால் அதற்குமேல் யாரும் மேடை போட்டு உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எலும்பையே ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்? அது என்ன பொருள் என்று பார். எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்பளிங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். பளிங்கு மட்டும் இருந்தால் எலும்பு கண்ணாடி போலச் சிதறும். நார் மட்டும் இருந்தால் வளைந்துபோகும். இரண்டும் பின்னிக் கிடப்பதால்தான் அது நிற்கிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் ஒரு விதியை எழுதி வைத்தார்: சுமை விழும் திசைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது. டென்னிஸ் ஆடுகிறவரின் மட்டை பிடிக்கும் கையெலும்பு மறுகையெலும்பைவிடத் தடித்திருக்கும். எடையே இல்லாத விண்வெளியில் மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பும் தொடையெலும்பும் மாதத்துக்குச் சுமார் 1 விழுக்காடு கரைகிறது. சுமை இல்லாவிட்டால் எலும்பு தேய்கிறது, தம்பி! உன் குடும்பம் உன் தோளில் ஏற்றிய பாரத்தைச் சாபம் என்று நினைத்தாயே, அந்தத் தோளெலும்பு இந்நேரம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யோசி.

இந்தத் தூண்டில் கலையை வளர்த்தவர்களிடம் உலோகமே இல்லை. ஹவாயிலிருந்து நியூசிலாந்து வரை பரந்த பசிபிக்கில் பொலினீசியர்கள் இரும்பைக் காணாமலே எலும்பைச் செதுக்கினார்கள். கூர்க்கல் பதித்த துளைப்பானைக் கயிற்றால் சுழற்றி ஓட்டை போட்டார்கள். மணற்கல்லை அரமாக்கித் தேய்த்தார்கள். ஹவாயில் திமிங்கலப் பல்லை நாக்கு வடிவில் இழைத்து, பின்னிய மனிதத் தலைமுடியில் கோத்துத் தலைவர்கள் அணிந்தார்கள். மாவோரியர் திமிங்கல எலும்பிலும், அற்றுப்போன மோவா பறவையின் எலும்பிலும் தூண்டிலும் பதக்கமும் சீப்பும் செய்தார்கள்.

பிறகு ஐரோப்பியர் வந்தார்கள். இரும்புத் தூண்டில் வந்தது. எலும்புத் தூண்டிலுக்கு வேலை போயிற்று. நோயும் போரும் நிலப்பறிப்பும் சேர்ந்து அந்த மக்களையே உருக்கின. 1896 கணக்கெடுப்பில் மாவோரியர் சுமார் 42,000 பேர்தான். மரபு அறிஞர்களான தொஹுங்காக்களை முடக்க 1907இல் சட்டமே வந்தது. அழியப்போகும் இனம் என்று அவர்கள் காதுபடவே வெள்ளையர் பேசினார்கள்.

அழிந்தார்களா? அப்பிரானா ஙாட்டா என்ற மாவோரித் தலைவர் முன்னின்று 1927இல் ரொட்டோருவாவில் செதுக்குக் கலைப் பள்ளியைத் திறக்க வைத்தார். 1963இல் அதே ஊரில் மாவோரிக் கலை கைவினைக் கழகத்துக்குச் சட்டம் வந்தது; 1967இல் அங்கே செதுக்குப் பள்ளி தொடங்கியது. எலும்பு வேலையோ மரவேலையைவிட அதிகம் அறுந்துபோயிருந்தது. 1960களிலும் 70களிலும் அதை மீட்கப் புறப்பட்டவர்களில் பலருக்குச் சொல்லித்தர ஆளில்லை. அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பழைய பதக்கங்களைப் பார்த்துப் பார்த்து, இந்த வளைவை எப்படி இழைத்திருப்பார்கள் என்று தாங்களே கண்டுபிடித்தார்கள். 1984 செப்டம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 'தே மாவோரி' கண்காட்சி திறந்தபோது, விடியற்காலையில் பெரியவர்கள் சடங்கு செய்து தங்கள் முன்னோர் பொருள்களை வாழ்த்தி உள்ளே போனார்கள். அழியப்போவதாகச் சொல்லப்பட்ட இனம்! அடுத்த மூன்றாம் ஆண்டில், 1987இல், அவர்கள் மொழி நியூசிலாந்தின் ஆட்சிமொழி ஆயிற்று. குருவில்லை என்று சொல்லி உட்கார்ந்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

இது யாரோ தூரத்துத் தீவுக்காரன் கதை, நமக்கென்ன என்று கேட்காதே. 1836இல் வில்லியம் கொலன்சோ என்ற மிஷனரி நியூசிலாந்தின் வடபகுதியில் ஒரு வெண்கல மணியைக் கண்டார். அதில் மாவோரியர் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். அதன் விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்து! முகைதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி என்று பொறித்திருக்கிறது. அது எப்படி அங்கே போனது என்பது இன்றும் புதிர். இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் தமிழ் முஸ்லிம் கப்பல்காரர் ஒருவரின் பெயர் அத்தனை கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்க, மோனோரயில் ஏறி இரண்டு நிலையம் போகத் தயங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமை பொங்குகிறது.

எலும்பும் தந்தமும் சங்கும் நம் கைக்குப் புதியதில்லை. தமிழ்நாட்டின் கீழடி அகழாய்வில் எலும்புமுனைக் கருவிகள் கிடைத்தன. அவை நெசவில் பயன்பட்டிருக்கும் என்று தொல்லியல் துறை கருதுகிறது. தந்தத்தில் செய்த சீப்பும் பகடையும் அந்த மண்ணிலிருந்து வந்தன, சங்கு வளையல்களும் வந்தன. கொற்கையில் சங்கு அறுத்தார்கள். சங்கப் பாடல்களில் பிள்ளைகள் கழுத்தில் புலிப்பல் தாலி தொங்குகிறது. ஆக, பல்லையும் எலும்பையும் கழுத்தில் அணிந்து பெருமைப்பட்டவன் பொலினீசியன் மட்டுமில்லை. உன் முப்பாட்டனும்தான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உன் பாட்டி கித்தா மரம் சீவியவரா? விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் சீவும் கத்தியோடு நிரையில் இறங்கியவரா? அந்த வேலை என்னவென்று அவரிடம் கேட்டிருக்கிறாயா? ரப்பர்ப்பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்பக்கம் இருக்கின்றன. அதற்கும் உள்ளே மரத்தை வளர்க்கும் மென்படலம். கத்தி அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அருகில் வரை போக வேண்டும், அதைத் தொடவே கூடாது. தொட்டால் மரம் புண்ணாகும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். இருட்டில், ஒரே இழுப்பில், சாய்வு மாறாமல், நாளுக்கு நூற்றுக்கணக்கான மரங்கள்! அந்தக் கைக்கு உலகம் கூலி என்று பெயர் வைத்தது. நான் சொல்கிறேன், அது செதுக்கு கலைஞரின் கை. அதன் துல்லியத்தை அளந்து பார்க்க யாரும் வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கையின் பேரப்பிள்ளை நீ. எனக்குக் கைவேலை வராது என்று இனி ஒருமுறை சொல்லாதே.

பிரிக்பீல்ட்ஸ் பிறந்ததே கைவேலையில். 1881இல் கோலாலம்பூரைத் தீ தின்றது, அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. அத்தாப்புக் கூரை போதும் என்றிருந்த ஊரைச் செங்கல்லில் கட்டச் சொல்லி பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் ஆணையிட்டார். சீனர் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் இங்கே சூளை போட்டார். எரிந்த ஊரைத் திரும்ப எழுப்பிய செங்கல் இந்த மண்ணிலிருந்து போனது. பின்னால் ரயில்வே வந்தது, தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நம்மவர் வந்தார்கள். 1905இல் எழுந்த ஹண்டர்ட் குவாட்டர்ஸ் வீடுகளில் தலைமுறைகள் வளர்ந்தன. அந்த வீடுகள் இன்றில்லை. இடித்ததைப் பார்த்து அழுதவர்களை நான் அறிவேன். அந்த அழுகை நியாயமானது. ஆனால் வீட்டை இடிக்கலாம், கையில் ஏறிய வித்தையை எந்த இயந்திரம் வந்து இடிக்கும்?

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1951இல் உருவான மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. வெள்ளைக்கோலோடு ஜாலான் துன் சம்பந்தன் நடைபாதையில் போகிறவர்களை நீ தினமும் பார்க்கிறாய். மசாஜ் நிலையங்களில் அவர்கள் கை, தோள்பட்டையில் எந்த இடத்தில் முடிச்சு விழுந்திருக்கிறது என்று நொடியில் கண்டுபிடிக்கிறது. எலும்பு இழைக்கத் தொடங்கினால் அந்த அறிவின் அருமை உனக்குப் புரியும். ஏனென்றால் கடைசி மெருகுக்கு முன் கண் ஏமாற்றும். வெள்ளை எலும்பில் நுண்கீறல் வெளிச்சத்துக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டினால் அகப்படும். பார்வையற்றோர் பலர் தங்கள் கையை நம்பி வாழும் தெருவில் வளர்ந்த உனக்குக் கையை நம்ப வேறு யார் சொல்லித்தர வேண்டும்?

சரி, வேலைக்கு வருவோம்.

மாட்டின் அல்லது எருமையின் கால் எலும்பு வேண்டும். முட்டிகள் இரண்டையும் அறுத்துத் தள்ளிவிடு. அங்கே உள்ளே பஞ்சு போலத் துளைதுளையாக இருக்கும், செதுக்க உதவாது. நடுத்தண்டுதான் சரக்கு. சுப் துலாங் என்ற எலும்புச் சூப் கடையில் மிஞ்சும் எலும்பு இலவசமாகக் கிடைக்குமே என்று எண்ணாதே. மணிக்கணக்கில் கொதித்த எலும்பில் கொலாஜன் கரைந்து சூப்போடு போயிருக்கும். ரம்பம் வைத்தால் சுண்ணாம்புக்கட்டி மாதிரி பொடியும். பச்சை எலும்பு வாங்கி, மஜ்ஜையைக் குச்சியால் தள்ளி எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் மெதுவாகச் சூடாக்கு, கொதிக்க விடாதே. ஒட்டிய சதையைச் சுரண்டு. சோப்புத் தண்ணீரை மாற்றி மாற்றிச் சில நாள் ஊறவிட்டால் கொழுப்பு இறங்கும். இறங்காவிட்டால் மாதங்கள் கழித்து மஞ்சள் திட்டாக மேலே வரும், வாடையும் வரும். துணி வெளுக்கும் குளோரின் பக்கமே போகாதே, அது நாரைத் தின்றுவிடும். வெளுக்க வேண்டுமென்றால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். நிழலில் காயவை. வெயிலில் போட்டால் நெடுகப் பிளக்கும்.

காய்ந்ததை நீளவாக்கில் பலகையாக அறு. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்துத் தட்டையாக்கு. பென்சிலால் தூண்டிலை வரை. இப்போது நிதானி. எலும்பின் நார் தண்டின் நீளத்தில் ஓடுகிறது. தூண்டிலின் நேர்க்கால் அந்த ஓட்டத்தோடு போகும், ஆனால் அடியில் வளையும் இடத்தில் நார் குறுக்கே அறுபடும். முறிவு அங்கேதான் வரும். அதனால் வளைவில் கூடுதல் சதை விடு. பழைய மாவோரித் தூண்டில்களில் அடி தடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அழகுக்காக என்று தோன்றும். கடலில் மீன் இழுத்த இழுப்பு அந்தத் தடிமனைத் தேடியிருக்கிறது!

உள்வளைவை எடுக்க முதலில் ஒரு துளை போடு. ரம்ப இழையை அந்தத் துளைக்குள் நுழைத்துச் சட்டத்தில் மாட்டு. இழையின் பற்கள் கைப்பிடியைப் பார்த்திருக்க வேண்டும், இழுக்கும்போதுதான் அறுக்க வேண்டும். விறைப்பாகக் கட்டியிருந்தால் சுண்டியதும் கிண்ணென்று ஒலிக்கும். டிரில்லை ஓட்டும்போது மூக்கைத் திறந்து வை: தலைமுடி கருகும் வாடை வந்தால் நிறுத்து. அது புரதம் எரியும் வாடை, நீ அவசரப்படுகிறாய் என்று எலும்பு சொல்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மெதுவாகப் போ. கயிறு கோக்கும் துளையை ஒரு பக்கத்திலிருந்தே குத்தித் தள்ளினால் மறுபக்கம் சிதறும். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பிறகு அரம், முரட்டு அரத்திலிருந்து ஊசி அரம் வரை. பிறகு உப்புத்தாள், 120இல் தொடங்கி 240, 400, 800, 1200 என்று. தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய். எலும்புத் தூசு நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் இல்லாமல் ஒரு நிமிடம்கூட அறுக்காதே.

பொறுமை இல்லாத பிள்ளை என்று உன்னை வீட்டில் சொல்லியிருப்பார்கள். 240 போட்ட கீறலை 400 அழிக்கும்வரை 800க்குத் தாவ முடியாது. தாவினால் மெருகேறிய பிறகு கீறல் பல்லைக் காட்டும். இங்கே யாருக்கும் சலுகை இல்லை. எந்த வீட்டுப் பிள்ளை, என்ன இனம், எத்தனை ஏ வாங்கினான் என்று எலும்பு கேட்பதில்லை. தேய்த்தாயா, தேய்க்கவில்லையா? இரண்டே பதில். இந்த நாட்டில் உன்னைப் பார்த்து இவ்வளவு நேர்மையாகப் பேசும் தேர்வுத்தாள் வேறு உண்டா?

மாட்டெலும்பா என்று வீட்டில் பாட்டி முகம் சுளிப்பார். அவர் மனத்தைப் புண்படுத்தி நீ கலைஞனாக வேண்டாம். எருமைக்கொம்பு இருக்கிறது. ஆட்டு நல்லி இருக்கிறது, சுவர் மெலிதென்றாலும் காதணிக்கும் மணிக்கும் கொண்டை ஊசிக்கும் போதும். பூசைக்கடைகள் நிறைந்த தெருவில் சிரட்டைக்குப் பஞ்சமா? சிரட்டையும் இதே ரம்பம், இதே அரம்தான் கேட்கும். தந்தம், நிஜப் புலிப்பல், இருவாட்சிக் கொம்பு ஆகியவற்றைத் தொடாதே. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் தொடக்கூடாது. 1989இல் உலக நாடுகள் யானைத்தந்த வணிகத்தைத் தடுக்க முடிவெடுத்தன. லக்னோவின் செதுக்குநர்கள் தந்தம் நின்றதும் உளியைக் கீழே வைத்துவிடவில்லை, எருமை எலும்புக்கும் ஒட்டக எலும்புக்கும் மாறினார்கள். பொருள் போனாலும் கை நின்றது.

இன்னொன்று, இதில் நான் கண்டிப்பானவன். மாவோரியின் வடிவத்தை அப்படியே காப்பியடித்து மாவோரி நகை என்று விற்காதே. அந்த வடிவங்களுக்குப் பின்னால் குலமும் முன்னோரும் இருக்கிறார்கள். போலிகள் பெருகியதால்தான் 2002இல் தோய் இஹோ என்ற முத்திரையை அவர்கள் கொண்டுவந்தார்கள். பயிற்சிக்கு ஒரு தூண்டில் செய். தூண்டில் எல்லாக் கடற்கரைக்கும் பொது. அதன் பிறகு உன் வீட்டு வாசலைப் பார். அம்மா போடும் சிக்குக் கோலத்தில் ஆரம்பமும் முடிவும் தெரியாமல் ஓடும் இழை இருக்கிறதே, அதை எலும்பில் ஊடுருவிச் செதுக்கிய டாலரை நான் இன்னும் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை. பாண்டியன் கயல் இருக்கிறது, வேல் இருக்கிறது, மாங்காய் இருக்கிறது. புலிப்பல் தாலியை எருமை எலும்பில் செய்! புலியும் பிழைக்கும், பாட்டனின் நகையும் திரும்பும். அடுத்தவன் அடையாளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தலைநிமிர முடியாது.

கற்க எங்கே போவது? கேஎல் சென்ட்ரலிலிருந்து நடைபாதை வழியாகவே தேசிய அருங்காட்சியகமான மூசியம் நெகாராவுக்குப் போகலாம். அந்த வளாகத்திலேயே பூர்வகுடியினர் கைவினை அருங்காட்சியகம் இருக்கிறது. மா மெரி மக்களின் முகமூடிகளையும் மூதாதையர் உருவங்களையும் அங்கே பார். கிள்ளான் பக்கத்துப் பிள்ளையானால் கேரித் தீவு கூப்பிடு தூரம். நம் தாத்தாமார் ரப்பருக்கும் செம்பனைக்கும் உழைத்த அதே தீவில், மா மெரி செதுக்குநர்கள் சதுப்புநிலத்து நீரே பத்து மரத்தில் சங்கிலி பூண்ட புலியை ஒரே கட்டையிலிருந்து செதுக்குகிறார்கள். ஒட்டு இல்லை, ஆணி இல்லை. யுனெஸ்கோவின் தர முத்திரை அந்தக் குடிசைப் பட்டறையைத் தேடி வந்தது. எண்ணிக்கையில் நம்மைவிட மிகச் சிறிய கூட்டம் அவர்கள். ராவாங்கில் தேசியக் கைவினைக் கழகம் இருக்கிறது, முறையாகப் படிக்கலாம். தங்கப் பட்டறை வைத்திருந்த ஆச்சாரிமார் ஓரிருவர் இன்னும் உன் வட்டாரத்தில் இருப்பார்கள். இயந்திர நகை வந்தபின் அவர்களைத் தேடி யாரும் போவதில்லை. நீ போ. காலில் விழுந்து, அரத்தை எப்படிப் பிடிப்பது என்று கேள். கேட்க ஆள் வந்ததே என்று அவர் முகம் மலரும்.

விற்குமா என்று கேட்பாய். முதல் வருடம் அதைக் கேட்காதே. இருக்கும் வேலையை விட்டுவிடவும் வேண்டாம். இரவில் உட்கார். பத்துப் பொருள் முடிந்து பத்தும் வெவ்வேறாக நின்ற பிறகு பசார் செனியில் போய் விலை கேள். நீ செய்ததற்கு நீயே விலை சொல்லும்போது உன் குரல் எப்படி ஒலிக்கிறது என்று கவனி. நேர்காணலில் திக்கிய அதே வாய்தான்.

இந்தச் சனிக்கிழமை காலை மோனோரயில் ஏறிச் சௌ கிட்டில் இறங்கு. சந்தையில் இறைச்சிப் பகுதிக்குப் போய், கால் எலும்பு வேண்டும், பச்சையாக, பிளக்காமல் என்று சொல். எதற்கு என்று கசாப்புக்காரர் கேட்டால் உண்மையைச் சொல், வெட்கப்படாதே. அடுத்தமுறை அவரே நல்ல தண்டாகப் பார்த்து எடுத்துவைப்பார். ஹார்ட்வேர் கடையில் நகைவேலை ரம்பச் சட்டம் ஒன்று, இழைகள் ஒரு டசன், ஊசி அரம் ஒரு கட்டு, உப்புத்தாள், முகக்கவசம். இழை உடையும், அதற்காகத்தான் டசன். முதல் தூண்டில் பெரும்பாலும் வளைவில் முறியும். முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்து நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த துண்டில் அந்த இடத்தை இரண்டு மில்லிமீட்டர் கூட்டி வரை.